நெடுந்தீவிலே ஒரு நாவலும் நாலு நாளும்

எங்கள் மாணவர் இலக்கிய மன்றத்திலே ஈழத்துத் தமிழ் நாவல்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். பேச்சு நன்றாக அமைந்தது என்பதே என் எண்ணம். 1885ஆம் ஆண்டிலே சித்திலெப்பை அவர்கள் எழுதிய அசன்பேயின் கதை முதலாக, 1895ஆம் ஆண்டிலே திருகோணமலை சரவணமுத்துப்பிள்ளை அவர்கள் வெளியிட்ட ‘மோகனாங்கி’, 1914ஆம் ஆண்டிலே மங்களநாயகம் தம்பையா அவர்கள் தந்த ‘நொறுங்குண்ட இருதயம்’ என்று ஆண்டு பிசகாமல் ஒப்புவித்தேன். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’க்கு வந்தபோது, அது 1973ஆம் ஆண்டிலே வீரகேசரி வெளியீடாக வந்தது என்பதையும், நெடுந்தீவைக் களமாகக் கொண்டது என்பதையும், 1978ஆம் ஆண்டிலே திரைப்படமாயிற்று என்பதையும் எடுத்துரைத்தேன். கைதட்டலும் கிடைத்தது.

கூட்டம் கலைந்த பின் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். பணிவான பிள்ளை. “சேர், வாடைக்காற்றை நீங்கள் கடைசியாக எப்பொழுது வாசித்தீர்கள்?” என்று கேட்டான். குறும்பு சிறிதும் இல்லை. அந்தப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று அறியும் ஆவலினாலேயே கேட்டான். ஆயினும் அந்தக் கேள்வி என்னை வீடு வரையிலே தொடர்ந்து வந்தது.

அந்த நாவலை நான் வாசித்தது பதின்மூன்றாவது வயதிலே. மின்சாரம் இல்லாத போர்க்காலம் அது. மண்ணெண்ணெயைக் கரண்டியால் அளந்து செலவிட்ட காலம். ஜாம் போத்தலின் அடியிலே சிறிது எண்ணெய் விட்டு, மெல்லிய திரியிட்டு ஏற்றிய விளக்கின் முன்னே குந்தியிருந்து, “எண்ணெய் முடியப் போகுதடா!” என்று அம்மா அடுக்களையிலிருந்து எச்சரிக்க எச்சரிக்க, அத்தியாயம் அத்தியாயமாக விழுங்கினேன். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியிலே யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது அந்தப் புத்தகம் வீட்டிலே தங்கிவிட்டது. திரும்பி வந்தபோது வீடு இருந்தது, புத்தகம் இல்லை. அதன் பின் பட்டதாரியானேன், ஆசிரியனானேன். அந்த நாவலைப் பற்றிப் பிறர் எழுதியவற்றையெல்லாம் வாசித்தேன். குறிப்பெடுத்தேன், குறிப்பிலிருந்தும் குறிப்பெடுத்தேன். நாவலை மட்டும் வாசிக்கவில்லை!

பாயசத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசவல்லவன் பாயசம் அருந்தி முப்பது வருடங்கள் ஆயிற்று என்றால், அவனை என்னவென்று சொல்வது?

மார்கழி விடுமுறை வந்தது. நூலகத்திலே அந்த நாவலை இரவல் பெற்றேன். கதை நிகழும் இடத்துக்கே போய், அங்கே இருந்து வாசிப்பது என்று முடிவு செய்தேன். என்னுடன் கற்பிக்கும் நண்பர் ஒருவர் நெடுந்தீவைப் பிறப்பிடமாகக் கொண்டவர். “அம்மா தனியத்தான் இருக்கிறா, பேரன் துணைக்கு நிற்கிறான். போய் நாலு நாள் இருந்துவிட்டு வாருங்கள்” என்றார். ஒரு பை, ஒரு நாவல், இரண்டு வேட்டி. கைத்தொலைபேசியை அணைத்துப் பையின் அடியிலே போட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

தீவுகளின் வழியே

யாழ்ப்பாண நகரத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து மேற்கே செல்லும் பஸ் வண்டி, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை என்று ஊர்களைத் தொட்டுத் தொட்டு ஓடுகிறது. இரு மருங்கும் ஆழமற்ற பரவைக் கடல். இடுப்பளவு நீரிலே வலை பிடிப்பவர்களையும், அவர்களுக்கு அப்பால் ஒற்றைக் காலில் தவமிருக்கும் நாரைகளையும் காணலாம்.

இத்தீவுகளுக்கெல்லாம் ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணை லெய்டன் ஆயிற்று, புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், காரைதீவு அம்ஸ்ரர்டாம். இவற்றுள் எந்தப் பெயரும் மக்கள் நாவிலே நிற்கவில்லை. நெடுந்தீவுக்கு இட்ட ‘டெல்ப்ற்’ என்ற பெயர் மாத்திரம் ஆங்கிலத்திலே நிலைத்துவிட்டது. தமிழிலோ அது என்றும் நெடுந்தீவுதான்.

வேலணைத் தீவின் வடகோடியிலே ஊர்காவற்றுறை இருக்கிறது. பழைய கல்வெட்டிலே ‘ஊராத்துறை’ என்று பெயர் பெற்ற துறைமுகம் அது. அதன் அயலிலுள்ள கரம்பொன்னிலேதான் 1913ஆம் ஆண்டில் தனிநாயகம் அடிகளார் பிறந்தார். தமிழைப் பல தேசங்களுக்கு எடுத்துச் சென்ற அறிஞர் ஒருவர் நாற்புறமும் கடல் சூழ்ந்த நிலத்திலே தோன்றியது பொருத்தமே.

பின்பு நீண்ட பாலத்தைக் கடந்தால் புங்குடுதீவு. மு. தளையசிங்கமும் கவிஞர் சு. வில்வரத்தினமும் இவ்வூரவர்கள். 1990களின் தொடக்கத்திலே போரினால் இத்தீவுகள் வெறுமையுற்றபோது, அந்த வெறுமையைப் பாடிய வில்வரத்தினத்தின் தொகுதிக்குப் பெயர் ‘காற்றுவழிக் கிராமம்’. பஸ்ஸின் யன்னலால் பார்த்துக்கொண்டே போனேன். வாயிலிலே பூட்டுத் தொங்கும் பெரிய கல்வீடுகள், கூரை இழந்த சுவர்களுக்குள் வளர்ந்துவிட்ட வேம்புகள், நெடிதுயர்ந்த பனைகள். உரியவர்கள் கொழும்பிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். “எவ்வளவு அமைதியான இடம்!” என்று எனக்குப் பின்னால் இருந்த பயணி ஒருவர் வியந்தார். அந்த வியப்பிலே எனக்கு ஏனோ பங்குகொள்ள முடியவில்லை.

குறிகட்டுவான் துறையிலே பாதை முடிகிறது. அங்கிருந்து நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரப் படகுப் பயணம். அரிசி மூட்டை, சீமெந்து, எரிவாயு உருளை, ஒரு புதிய துவிச்சக்கர வண்டி, பள்ளிக்கூடப் புத்தகங்கள் என்று தீவின் வாழ்வு முழுவதும் எங்களோடு படகிலே ஏறியிருந்தது.

ஒரு பிற்பகலிலே முடிந்த தீவு

மாவலித்துறையிலே இறங்கியபோது நண்பரின் மகன் சைக்கிளோடு காத்திருந்தான். பன்னிரண்டு வயதுப் பையன். “வாங்கோ மாமா” என்று பையை வாங்கிக்கொண்டான். வீட்டை அடைந்ததும் அவனுடைய அப்பம்மா தேநீரும் பனங்கட்டியும் தந்து உபசரித்தார். எண்பது வயதை அண்மியவர், நிமிர்ந்த நடை, நேரான பேச்சு.

தேநீர் அருந்திய கையோடு ஊர் பார்க்கப் புறப்பட்டோம். நெடுந்தீவு ஏறக்குறைய ஐம்பது சதுர கிலோமீற்றர் பரப்புள்ள மேடு பள்ளமற்ற தீவு. ஆபிரிக்கக் கண்டத்துக்குரிய பெருக்க மரத்தைக் கண்டேன். அதன் அடிமரத்துப் பொந்துக்குள்ளே நுழைந்தும் பார்த்தேன். கடலோரத்திலே இடிந்து கிடக்கும் பழைய கோட்டையைப் பார்த்தேன். புறாக்களைப் பேணுவதற்காகக் கட்டிய கூட்டைப் பார்த்தேன். ஐரோப்பியர் காலத்துக் குதிரைகளின் வழிவந்து இன்று காட்டுக் குதிரைகளாகத் திரியும் மட்டக் குதிரைகளையும் தூரத்திலே கண்டேன். அவை மேயும் வெளி 2015ஆம் ஆண்டிலே தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது.

சூரியன் சாயுமுன் வீடு திரும்பிவிட்டோம். பார்க்கவேண்டியவை என்று நண்பர் எழுதித் தந்த பட்டியலிலே எல்லாவற்றுக்கும் அடையாளமிட்டாயிற்று. தீவு முடிந்துவிட்டது!

“இனி என்ன செய்யப் போறியள் தம்பி?” என்று அம்மா கேட்டார்.

“இருந்து வாசிக்கப் போகிறேன் அம்மா.”

“வாசிக்கிறதுக்குக் கடல் கடந்தோ வரவேணும்?” என்று சிரித்தார்.

கல்வேலியின் நிழலிலே

அடுத்த நாள் விடியுமுன் சங்கொலியும் சேமக்கல ஒலியும் என்னை எழுப்பின. திருவெம்பாவைக் காலம். காலைப் பிட்டும் சம்பலும் உண்டபின், வளவின் ஓரத்திலே பூவரச மரத்தின் கீழ்ச் சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு நாவலை விரித்தேன்.

நெடுந்தீவின் வேலிகள் கல்வேலிகள். கடல் தந்த பவளக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். சுண்ணாம்பும் இல்லை, சீமெந்தும் இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே காற்று நுழைந்து போய்விடுகிறது. காற்றை மறித்து நில்லாமல் அதற்கு வழிவிட்டு நிற்கும் வேலி. அதன் ஓரத்திலே இருந்தால், வாடை மெலிந்த சீழ்க்கையாக இரவும் பகலும் காதிலே விழுந்துகொண்டே இருக்கும்.

முதல் ஐம்பது பக்கங்கள் எனக்குப் பெரும் போராட்டமாக இருந்தன. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: கை தானாகவே பென்சிலைத் தேடியது. ஒவ்வொரு பக்கத்திலும் ‘பாத்திர வார்ப்பு’, ‘களச் சித்திரிப்பு’ என்று ஓரக்குறிப்பு எழுத மனம் உந்தியது. கதை மாந்தர் ஒருவர் துன்பப்பட்டால், இதிலிருந்து ஒரு வினா அமைக்கலாமே என்று தோன்றியது. முப்பது வருடப் பழக்கம் அல்லவா? கடைசியிலே பென்சிலை எடுத்துப் பையனிடம் கொடுத்துவிட்டேன். அவன் அதனாலே ஒரு குதிரை வரைந்தான்.

அதன் பின் மெல்ல மெல்ல நாவல் தன் வாயிலைத் திறந்தது. வாடைக் காற்றுக் காலத்திலே தீவுக்கு வந்து, கரையிலே வாடி அமைத்து, காற்றுத் திரும்பும்வரை தொழில் செய்யும் மீனவரைப் பற்றிய கதை அது. அவர்களுடைய வரவாலே தீவு மக்களின் உள்ளங்களிலே எழும் ஆசையையும் பகையையும் கலக்கத்தையும் பற்றியது. இதனை மன்றத்திலே இரண்டு வாக்கியங்களிலே சொல்லியிருந்தேன். இங்கேயோ, ஒரு பக்கத்தைப் படித்து நிமிர்ந்தால், அந்தக் காற்று என் மேலே வீசிக்கொண்டிருக்கிறது. தாள் படபடக்கிறது. ஒரு பவளக் கல்லை எடுத்துப் பாரம் வைக்கிறேன். கண்ணெட்டும் தூரத்திலே கடல் வெண்ணுரை கக்குகிறது. காற்று என்பது நாவலின் தலைப்பு மாத்திரம் அன்று. அதுவே முதன்மையான பாத்திரம் என்பது அப்பொழுதுதான் எனக்கு விளங்கியது.

பையன் அடிக்கடி வந்து எட்டிப் பார்த்தான். “கதையிலை என்ன நடக்குது மாமா?” என்றான். ஆசிரியப் புத்தி எங்கே போகும்? கதைச் சுருக்கத்தைத் தொடக்கம் முதல் சொல்ல ஆரம்பித்தேன். அவன் இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான். “முடிவைச் சொல்லாதேங்கோ! பிறகு என்னத்துக்கு வாசிக்கிறது?”

கல்வித்துறையிலே பணியாற்றும் நம்மவர் பலர் ஆழ்ந்து சிந்திக்கவேண்டிய கேள்வி அது.

நூல்களோடு தனித்திருக்கும் ஆசை புதிதன்று. 1905ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணக் கச்சேரியிலே பணியேற்க வந்த லெனாட் வூல்ப் என்னும் ஆங்கிலேய இளைஞர், பிரெஞ்சு அறிஞர் வோல்டேரின் நூல்களைப் பல பத்துத் தொகுதிகளாகக் கப்பலிலே ஏற்றிக்கொண்டு வந்தார். ஆயினும் 1913ஆம் ஆண்டிலே அவர் வெளியிட்ட இலங்கை நாவல், அந்தத் தொகுதிகளிலிருந்து பிறக்கவில்லை. ஹம்பாந்தோட்டை மாவட்டத்திலே காட்டோரக் கிராமங்களிலே அவர் அலைந்து, அங்குள்ள ஏழை மக்களின் துயரைக் கண்டதிலிருந்தே பிறந்தது. புத்தகத்தைச் சுமந்து வந்தவர், மனிதரைக் கண்ட பின்பே நாவலாசிரியரானார்.

நம்முடைய நாவல்களும் அவ்வாறே. 1970களின் தொடக்கத்திலே இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, ஈழத்து எழுத்துக்கு வாசகர் பெருகினர். வீரகேசரி நிறுவனம் நாவல்களை மலிவு விலையிலே வெளியிட்டது. பஸ் நிலையத்திலும் புகையிரதத்திலும் அவற்றை மக்கள் வாங்கி வாசித்தனர். தன் ஊரின் காற்றும் கடலும் பேச்சும் ஒரு புத்தகத்திலே இருப்பதைக் கண்டு ஒரு தலைமுறை வியந்தது. அந்த வியப்பை இழந்து வெறும் ஆண்டுக் கணக்கை மாத்திரம் நான் கற்பித்துக்கொண்டிருந்தேன்.

படகு வராத நாள்

மூன்றாம் நாள் காற்றுக் கடுத்தது. விடியற்காலையிலேயே பனையோலைகள் ஒன்றோடொன்று அடித்துப் பேரிரைச்சல் எழுப்பின. “இண்டைக்குப் படகு இல்லை” என்று பையன் செய்தி கொண்டுவந்தான். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. வருவாரும் இல்லை, போவாரும் இல்லை. உலகம் என்னை மறந்துவிட்டது. மீதமிருந்த நூறு பக்கங்களுக்கு இதனிலும் சிறந்த நாள் உண்டா?

நண்பகலளவிலே அடுத்த வளவிலிருந்து அழுகுரல் கேட்டது. அவ்வீட்டுச் சிறு பெண்ணுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல்; அன்று மிகுந்துவிட்டது. தீவிலே மருத்துவமனை உண்டு. ஆனால், யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கொண்டுபோகக் கடல் விடவேண்டுமே!

அம்மா உடனே எழுந்து போனார். நானும் பின்தொடர்ந்தேன். குழந்தையின் தகப்பன் முற்றத்திலே நின்று வானத்தையும் கடல் இருக்கும் திசையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எவரும் அதிகம் பேசவில்லை. எல்லோரும் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காலையிலே எனக்குச் சங்கீதமாக ஒலித்த அதே காற்று!

என் கையிலே நாவல் இருந்தது. விரலைப் பக்கத்துக்குள் அடையாளமாக வைத்தபடியே வந்திருக்கிறேன். அதைக் கண்டதும் கூசிப்போய், சால்வைக்குள்ளே மறைத்துக்கொண்டேன்.

மாலையிலே காற்றுச் சற்றுத் தணிந்தது. ஒரு படகு குழந்தையையும் தாயையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. துறையிலே நின்றவர்கள் அது கண்ணுக்கு மறையும்வரை அசையவில்லை. இருள் சூழ்ந்த பின்பு, குறிகட்டுவானிலே சேமமாகச் சேர்ந்துவிட்டார்கள் என்று தொலைபேசியிலே செய்தி வந்தது. அப்பொழுதுதான் அம்மா ஒரு மிடறு தேநீர் குடித்தார்.

“படகு போய்ச் சேர்ந்தது எண்டு கேட்கும்வரை எங்கடை சனத்துக்கு நெஞ்சு ஆறாது தம்பி” என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. துறையருகே உள்ள நினைவுத் தூபியை முதல் நாளே கண்டிருந்தேன். 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி, ‘குமுதினி’ என்னும் படகிலே நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட பயணிகள், பெண்களும் குழந்தைகளுமாக இருபதுக்கும் மேற்பட்டோர், நடுக்கடலிலே வெட்டிக் கொல்லப்பட்டனர். என் பட்டியலிலே அந்தத் தூபி இருக்கவில்லை. ஆகையால் முதல் நாள் அதன் முன்னே நான் நிற்கவும் இல்லை.

அன்றிரவு காற்றினால் மின்சாரம் நின்றது. அம்மா ஒரு சிறு விளக்கை ஏற்றி வைத்தார். பையன், “மாமா, எங்களுக்குச் சத்தமாய் வாசியுங்கோ, ஆனால் முதலிலை இருந்து” என்றான். முதல் அத்தியாயத்தை வாசித்தேன். இரண்டாவதையும் வாசித்தேன். அம்மா சுவரிலே சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்று எண்ணி நிறுத்தினேன். “ஏன் நிப்பாட்டினியள்?” என்றார். பிறகு, “இதை எழுதின பிள்ளை இஞ்சை இருந்து பார்த்தவன்தான். வந்திட்டு ஓடினவன் இல்லை” என்று தீர்ப்பளித்தார்.

விமரிசனக் கட்டுரைகள் எத்தனையோ வாசித்திருக்கிறேன். ஒரு நாவலுக்கு இதனிலும் உயர்ந்த பாராட்டை நான் கண்டதில்லை. அதே வாக்கியத்திலே எனக்கும் ஒரு கண்டனம் இருந்தது. தீவை ஒரு பிற்பகலிலே பார்த்து முடித்தவனும், நாவலை இரண்டு வாக்கியங்களிலே சொல்லி முடித்தவனும் ஒருவனே அல்லவா? இரண்டுக்கும் வேண்டுவது ஒன்றே: இருத்தல். அவசரமின்றி, பென்சில் இன்றி, படகு வராத நாள்வரை இருத்தல்.

மணிபல்லவம்

நான்காம் நாள் கடல் அமைதியுற்றது. குழந்தைக்குக் காய்ச்சல் இறங்குகிறது என்ற நற்செய்தியோடு புறப்பட்டேன். துறையிலே, தூபியின் முன் சிறிது நேரம் நின்றேன். குறிகட்டுவானிலே இறங்கி, வேறு படகிலே நயினாதீவுக்குச் சென்று நாகபூஷணி அம்பாளைத் தரிசித்தேன்.

அக்கோயிலிலே முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குரியது. பிற தேசத்து வணிகர் ஊராத்துறையிலே வந்து இறங்கவேண்டும் என்றும், யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் அப்பொருளிலே நாலிலொரு பங்கு அரசுக்கும் மிகுதி உடையவனுக்கும் ஆகுக என்றும் அது விதிக்கிறது. கடல் இம்மக்களிடம் எதைப் பறிக்கும் என்பதை அரசன் ஒருவன் கல்லிலே எழுதிவைத்த காலம் முதல் இன்றுவரை, இங்கே காற்றின் கணக்குத்தான் வாழ்க்கைக் கணக்கு.

மணிமேகலைக் காப்பியத்திலே வரும் மணிபல்லவம் இந்த நயினாதீவே என்று அறிஞர் பலர் கூறுவர். தெய்வத்தாலே தனித்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட மணிமேகலை, அங்கே தன் முற்பிறப்பை உணர்ந்தாள், அமுதசுரபியைப் பெற்றாள். பெற்ற பின்பு தீவிலேயே தங்கிவிட்டாளா? இல்லை. பசித்தோருக்கு உணவளிக்க ஊருக்குத் திரும்பினாள். தனிமை அவளுக்கு ஒரு தங்குமிடம், முடிவிடம் அன்று.

எனக்கு அமுதசுரபி கிடைக்கவில்லை. திரும்பும் பஸ்ஸிலே நாவலின் கடைசி அத்தியாயத்தை வாசித்து முடித்தேன். பண்ணைப் பாலத்திலே வண்டி ஏறியபோது கண் கலங்கியிருந்தது. உப்புக் காற்றுப் போலும் என்று பக்கத்திலிருந்தவர் எண்ணியிருப்பார்.

பாடசாலை தொடங்கிய நாளிலே அந்த மாணவனைத் தேடிச் சென்றேன். “தம்பி, போன கிழமைதான் வாசித்து முடித்தேன்” என்றேன். அவனுக்குத் தன் கேள்வி மறந்துபோயிருந்தது. விழித்தான். பிறகு நினைவு வந்து, “எப்படி இருந்தது சேர்? கதை என்ன?” என்று ஆவலோடு கேட்டான்.

நான் சொல்லவில்லை. புத்தகத்தை இன்றைக்குத்தான் நூலகத்திலே திருப்பிக் கொடுத்தேன், போய் எடுத்துக்கொள் என்று மாத்திரம் சொன்னேன்.